தொகையைப் பார்த்தது போதும், தடத்தையும் பாருங்கள்

நியமனம், பணி உயர்வு, ஆய்வு நிதி ஆகியவற்றை முடிவு செய்யும் மதிப்பீட்டுக் குழுவினர் அனைவருக்கும்,

வணக்கம்.

உங்களோடு நானும் அந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். விண்ணப்பித்தவனாகக் கதவுக்கு வெளியே காத்திருந்ததும் உண்டு. பிசினஸ் பிராசஸ் மேனேஜ்மென்ட், அதாவது வணிகச் செயல்முறை மேலாண்மை, என் துறை. ஒரு நிறுவனத்தில் ஒரு வேலை தொடங்கியது முதல் முடியும்வரை யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது, எங்கே தேங்குகிறது, எங்கிருந்து திருப்பி அனுப்பப்படுகிறது, ஏன் என்று பார்ப்பதுதான் நாங்கள் செய்வது. அப்படிப் பார்க்கத் தெரிந்தவர்களை நீங்கள் எப்படிப் பார்க்கிறீர்கள் என்பது பற்றியே இந்த மடல்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தேர்வுக் குழுவில் இருந்தேன். திரையில் ஓர் எக்செல் தாள். பெயர், முனைவர் பட்டம் பெற்ற ஆண்டு, கட்டுரைகள், மேற்கோள்கள் (அந்தக் கட்டுரைகளைப் பிறர் தம் கட்டுரைகளில் எடுத்தாண்ட தடவைகள்), கடைசியில் அந்த மேற்கோள்களை வைத்துப் போடும் எச்-இன்டெக்ஸ் என்ற எண். கூட்டம் தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒருவர் அந்தக் கடைசி நெடுவரிசையின், அதாவது கடைசிப் பத்தியின், தலைப்பைச் சொடுக்கினார். பெயர்கள் மேலும் கீழுமாக நகர்ந்து வரிசையாக நின்றன. அதன் பிறகு பேசியதெல்லாம் மேலே இருந்த நான்கு பேரைப் பற்றித்தான். கீழே ஏழாவது வரியில் இருந்தவரின் வேலை எனக்குத் தெரியும். நிறுவனப் பதிவுகளில் நேரம் தவறாகப் பதிவாகியிருந்தால் அதை எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படிச் சரிசெய்வது என்பதைப் பற்றிப் பொறுமையாக எழுதியவர். அவர் எழுதி வெளியிட்ட நிரலை என் மாணவர்கள் வாரம் தவறாமல் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். நான் அன்று வாய் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. அந்தப் பத்தியை எதிர்த்துச் சொல்ல என்னிடம் வேறோர் எண் இல்லை. எண் இல்லாமல் பேசினால் ‘உங்கள் அபிப்பிராயம்’ என்று ஒதுக்கிவிடுவார்கள் என்று தயங்கினேன். அந்தத் தயக்கம் இன்றுவரை உறுத்துகிறது. அன்று சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன்.

எங்கள் துறைக்கு வரும் மாணவருக்கு முதல் வாரமே சொல்லிக்கொடுப்பது ஈவென்ட் லாக் என்கிற நிகழ்வுப் பதிவு. அதில் குறைந்தது மூன்று பத்திகள் இருக்க வேண்டும். எந்த விண்ணப்பம் என்ற அடையாளம், அதன் மேல் என்ன செயல் நடந்தது, எப்போது நடந்தது. நடுவில் உள்ள ‘என்ன செயல்’ என்ற பத்தியை அழித்துவிட்டுப் பாருங்கள். ‘இந்த விண்ணப்பத்தின் மேல் 14 நிகழ்வுகள்’ என்பது மட்டும் மிஞ்சும். அது 14 மேசைகளைக் கடந்து ஒழுங்காக முடிந்ததா, இரண்டே மேசைகளுக்கு நடுவில் ஏழு தடவை போய்வந்து அலைந்ததா? சொல்ல முடியாது. மேற்கோளும் அப்படி ஒரு நிகழ்வுதான். எந்தக் கட்டுரை எடுத்தாளப்பட்டது, எதற்காக, எப்போது என்று மூன்று பத்திகள் அதற்கும் உண்டு. உங்கள் எக்செல் தாளுக்கு வந்து சேரும்போது நடுப்பத்தி அழிந்துபோயிருக்கிறது.

ஒரு காலத்தில் அந்தப் பத்தி இருந்தது. அமெரிக்காவில் ஃபிராங்க் ஷெப்பர்ட் என்பவர் 1873-இல் வழக்கறிஞர்களுக்காக ஓர் அட்டவணையைத் தொடங்கினார். ஒரு தீர்ப்பைப் பிற்காலத் தீர்ப்புகள் எங்கெல்லாம் எடுத்தாண்டிருக்கின்றன என்று சொல்லும் அட்டவணை. இடங்களைக் காட்டியதோடு அது நிற்கவில்லை. பின்பற்றப்பட்டது, வேறுபடுத்திக் காட்டப்பட்டது, விமர்சிக்கப்பட்டது, செல்லாதென்று ஆக்கப்பட்டது என்று பக்கத்தில் எழுத்துக் குறிகளும் போட்டது. செல்லாமல் போன தீர்ப்பை நம்பி நீதிமன்றத்தில் நிற்கும் வழக்கறிஞரின் கதியை நினைத்துப் பார்த்தால் அந்தக் குறியின் அருமை புரியும். யூஜின் கார்ஃபீல்டு 1955-இல் ‘சயன்ஸ்’ இதழில் அறிவியலுக்கும் ஒரு மேற்கோள் அட்டவணை வேண்டும் என்று எழுதியபோது ஷெப்பர்டின் முறையைத்தான் முன்மாதிரியாகக் காட்டினார். ஒரு பழைய கட்டுரையைப் பிறகு வந்தவர்கள் எங்கே குறை சொல்லியிருக்கிறார்கள் என்று ஆய்வாளர் தெரிந்துகொள்ள வேண்டும், தெரியாமல் தப்பான தரவை எடுத்தாண்டுவிடக் கூடாது என்பது அவருடைய கவலை. 1960-களில் அறிவியல் மேற்கோள் அட்டவணை அச்சாகி வெளிவந்தது. குறிகள் மட்டும் வரவில்லை. அத்தனை கட்டுரைகளையும் படித்துக் குறி போட ஆளுக்கு எங்கே போவது? இப்படித்தான் தேடுவதற்கென்று பிறந்த கருவி எண்ணுவதற்கென்று கைமாறியது.

எச்-இன்டெக்ஸ் இதற்கு ரொம்பப் பின்னால் வந்தது. இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் 2005-இல் முன்வைத்தார். தலா எச் மேற்கோளாவது பெற்ற எச் கட்டுரைகள் ஒருவருக்கு இருந்தால் அவருடைய எண் எச். உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் ஒரு தடவை கையால் போட்டுப் பாருங்கள். ஒருவருடைய ஆறு கட்டுரைகளுக்கு 400, 60, 8, 6, 5, 3 என்று மேற்கோள்கள். இன்னொருவருக்கு 9, 8, 7, 6, 5, 5. முதலாமவருக்கு மொத்தம் 482, இரண்டாமவருக்கு 40. இருவருக்கும் எச்-இன்டெக்ஸ் 5. ஒரு துறையையே திருப்பிப்போட்ட கட்டுரை ஒன்றை எழுதியவரும், சீராக எழுதிவரும் இளைஞரும் உங்கள் தாளில் அக்கம்பக்கத்து வரிகளில் நிற்பார்கள். இருவரில் யாரையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. இருவரும் வேறு வேறு மாதிரியான ஆய்வாளர்கள் என்பதைக்கூட அந்த எண் சொல்லாது என்கிறேன்.

ஹிர்ஷ் தன் கட்டுரையிலேயே எச்சரித்திருந்தார். உயிரியல் துறைகளில் இந்த எண் இயற்பியலைவிட உயரமாக இருக்கும், துறை தாண்டி ஒப்பிடும்போது கவனம் வேண்டும் என்றார். பணியாற்றிய ஆண்டுகளால் வகுத்துப் பார்க்கவும் வழி சொன்னார். அந்த வகுத்தலை நான் இருந்த எந்தக் குழுவிலும் யாரும் செய்து பார்த்ததில்லை. எச் ஏறுமே தவிர இறங்காது. ஆய்வை விட்டு விலகிப் பத்தாண்டு ஆனவருக்கும் அது ஏறக்கூடும். அதை இருபத்தைந்து ஆண்டு அனுபவம் உள்ளவருக்கும் ஐந்தாண்டு அனுபவம் உள்ளவருக்கும் ஒரே பத்தியில் போட்டு வரிசைப்படுத்தினால் கிடைப்பது வயது வரிசைதான். 2020-இல் ஹிர்ஷே, தன் கண்டுபிடிப்பு எதிர்பாராத மோசமான விளைவுகளையும் உண்டாக்கிவிட்டது என்று வருத்தத்தோடு எழுதினார்.

இது எல்லாத் துறைக்கும் பொதுவான சங்கடம். எங்கள் துறைக்கென்று தனியாக உள்ள சங்கடங்களுக்கு வருகிறேன்.

செயல்முறை ஆய்வுக்கு ஒரு வீடு கிடையாது. கணினி அறிவியல், தகவல் அமைப்புகள், மேலாண்மை என்று மூன்று வீடுகளில் ஒரே நேரத்தில் வாழ்கிறது. வேலை நகர்வதைக் கணித முறையில் காட்டும் வரைபடங்களான பெட்ரி வலைகளை வைத்து ஒரு வேலைப்போக்கு எங்கேயும் சிக்கி நிற்காது என்று நிரூபிப்பவரும் எங்கள் ஆள். அலுவலர்கள் புதிய நடைமுறையை ஏன் எதிர்க்கிறார்கள் என்று ஆறு மாதம் நேர்காணல் எடுத்துப் புரிந்துகொள்பவரும் எங்கள் ஆள். முன்னவர் மாநாடுகளில் வெளியிடுவார். கட்டுரை ஒரே ஆண்டில் வெளிவந்து, அடுத்த ஆண்டே மேற்கோள் வரத் தொடங்கிவிடும். பின்னவரின் கட்டுரை மேலாண்மை ஆய்விதழில் இரண்டு மூன்று சுற்றுத் திருத்தம் கண்டு வெளிவரவே ஆண்டுகள் பிடிக்கும், மேற்கோள் வருவது அதற்கும் பிறகு. ஐந்தாம் ஆண்டில் இருவரையும் எடைபோட்டால் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பது முன்கூட்டியே தெரிந்த கதை.

‘அதற்குத்தான் துறைவாரியாகச் சமன்செய்த அளவு இருக்கிறதே’ என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். ஸ்கோப்பஸ் என்ற ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளம் தரும் அந்த அளவில், அதே துறையில் அதே ஆண்டில் வந்த அதே வகை வெளியீடுகளின் உலகச் சராசரி 1. நல்ல யோசனை, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் ‘அதே துறை’ எது என்று எப்படி முடிவாகிறது? கட்டுரையைப் படித்தா? கிடையாது. அது வெளியான இதழ் அல்லது தொடரின் வகைப்பாட்டை வைத்து. எங்கள் துறையின் முதன்மை மாநாடு 2003-இல் நெதர்லாந்தின் ஐந்தோவனில் தொடங்கியது. அதன் கட்டுரைத் தொகுப்புகள் ஸ்பிரிங்கரின் கணினி அறிவியல் விரிவுரைக் குறிப்புகள் வரிசையில் வருகின்றன. அந்த வரிசை ஸ்கோப்பஸில் பொதுக் கணினி அறிவியல், கோட்பாட்டுக் கணினி அறிவியல் என்ற பிரிவுகளில் இருக்கிறது. ஆக, ஓர் அலுவலகத்தில் பொறுப்பு எப்படிக் கைமாறுகிறது என்று ஆராய்ந்த மாநாட்டுக் கட்டுரை, நிரூபணங்களும் அல்காரிதம் என்னும் கணினி நெறிமுறைகளும் நிறைந்த கட்டுரைகளோடு ஒப்பிடப்பட்டு ஒரு தசம எண்ணாக உங்கள் மேசைக்கு வருகிறது. அதையே ‘பிசினஸ் பிராசஸ் மேனேஜ்மென்ட் ஜர்னல்’ இதழுக்கு அனுப்பியிருந்தால் வேறு கூட்டத்தோடு ஒப்பிட்டு வேறு எண் வந்திருக்கும். ஆய்வில் ஓர் எழுத்துகூட மாறியிருக்காது.

தரவுத்தளம் விஷயமும் அப்படித்தான். கூகுள் ஸ்காலர் ஆய்வேடு, முன்பதிப்பு, தொழில்நுட்ப அறிக்கை என்று கண்ணில் பட்டதையெல்லாம் எண்ணும். ஸ்கோப்பஸ் தேர்ந்தெடுத்து எண்ணும். வெப் ஆஃப் சயின்ஸ் இன்னும் இறுக்கம். மாநாட்டுத் தொகுப்புகளுக்கு அங்கே தனி அட்டவணை, அதற்கு உங்கள் நூலகம் சந்தா கட்டியிருக்கிறதா என்பதைப் பொறுத்து ஒருவருடைய எண் மாறும். மாநாடுகளை நம்பி வாழும் ஒரு துறையில் இது சின்ன வித்தியாசம் இல்லை. ஒரே தாளில் ஒருவருக்குக் கூகுள் எண், இன்னொருவருக்கு ஸ்கோப்பஸ் எண் என்று விண்ணப்பதாரர்கள் தாங்களே நிரப்பி அனுப்பியதை அப்படியே வரிசைப்படுத்தியதை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து ஒரு தளத்தை முடிவு செய்யுங்கள், எல்லாருக்கும் அதிலேயே ஒரே நாளில் எடுங்கள், எடுத்த தேதியைத் தாளின் தலையில் எழுதுங்கள். இதற்குச் செலவு ஒன்றும் கிடையாது.

இன்னொன்று, ஒரே வேலையின் பல பதிப்புகள். எங்கள் வழக்கம் இது: முதலில் மாநாட்டில் சுருக்கமாக, பிறகு ஆய்விதழில் விரிவாக. ஒர்க்ஃப்ளோ பேட்டர்ன்ஸ் என்று அறியப்பட்ட வேலைப்போக்கு வடிவங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பகுதி 2000-இல் மாநாட்டுக் கட்டுரையாக வந்தது. 20 வடிவங்களோடு முழுக் கட்டுரை 2003-இல் ஆய்விதழில் வந்தது. 2006-இல் திருத்தி விரித்த அறிக்கையில் வடிவங்கள் 43 ஆயின. எடுத்தாள்பவர் எதை எடுத்தாள்கிறாரோ அங்கே எண்ணிக்கை சேரும். பேர் பெற்ற வேலைக்கு இது பொருட்டில்லை. ஆனால் மாநாட்டுப் பதிப்புக்கு 7, இதழ்ப் பதிப்புக்கு 7 என்று பிரிந்து கிடக்கும் ஓர் இளம் ஆய்வாளருக்கு, சேர்த்தால் 14 ஆகியிருக்கும் வேலை, எச் எண் 10-ஐத் தொடும் நேரத்தில் கணக்கிலேயே வராமல் போகும். நேர்மாறாகவும் நடக்கும்: இரண்டு பதிப்பும் தனித்தனியாகத் தேறி, ஒரே யோசனை எச் எண்ணில் இரண்டு தடவை ஏறியிருக்கும். இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இப்போது நடுப்பத்திக்கு வருகிறேன். ஒரே ஒரு கட்டுரையை வைத்துச் சொல்கிறேன். வில் வான் டெர் ஆல்ஸ்டும் சக ஆய்வாளர்களும் 2004-இல் ஆல்ஃபா அல்காரிதம் என்ற நெறிமுறையை வெளியிட்டார்கள். நிகழ்வுப் பதிவைக் கொடுத்தால் அதிலிருந்து செயல்முறையின் வரைபடத்தைத் தானே வரைந்து தரும் முறை. பிராசஸ் மைனிங் என்று இன்று அழைக்கப்படும் துறையின் அடித்தளக் கற்களில் ஒன்று. அதன் எல்லைகளை எழுதியவர்களே வரையறுத்துச் சொன்னார்கள். ஒரே செயல் அடுத்தடுத்து மறுபடி நடக்கும் குறுஞ்சுழல்களை அது சரியாகப் பிடிக்காது. பதிவில் தப்பும் தவறும் கலந்திருந்தால் அதற்குத் தாங்கும் சக்தி இல்லை.

அந்தக் கட்டுரையை எடுத்தாளும் கட்டுரைகள் சிலவற்றைத் திறந்து, எடுத்தாண்ட வாக்கியத்தை மட்டும் படியுங்கள். ஒன்றில் முன்னுரையின் இரண்டாம் வரியில் ‘செயல்முறைகளைப் பற்றிப் பலர் ஆராய்ந்துள்ளனர் [3–17]’ என்ற பாணியில் இருக்கும். ஓர் அடைப்புக்குறிக்குள் பதினைந்து கட்டுரைகள். பதினைந்தையும் எழுதியவர் படித்தாரா என்று கேட்கவே வேண்டாம். அடுத்ததில் நான்காம் பகுதியில் அந்த நெறிமுறையின் படிகளை ஒவ்வொன்றாக எடுத்து, குறுஞ்சுழலில் அது எங்கே சறுக்குகிறது என்று ஓர் எடுத்துக்காட்டோடு காட்டி, அங்கிருந்து புதிய முறை ஒன்றைக் கட்டியிருப்பார்கள். மூன்றாவதில் ஒரு நிறுவனத்தின் பதிவை எடுத்து அந்த நெறிமுறையை ஓட்டிப் பார்த்து, வந்த படம் புரியவில்லை என்று சொல்லி வேறொன்றுக்கு மாறியிருப்பார்கள். ஹியூரிஸ்டிக் மைனர், 2007-இன் ஃபஸி மைனர், 2013-இன் இண்டக்டிவ் மைனர் என்று பின்னால் வந்த முறைகளை வளர்த்ததில் அந்தக் குறைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. குறை சொல்லி எடுத்தாண்ட மேற்கோள்தான் இங்கே மிகப் பெரிய மரியாதை. ஒருவர் தன் ஆறு மாத உழைப்பைப் போட்டு இன்னொருவருடைய வேலையின் எல்லையைத் தேடிப்போயிருக்கிறார் என்றால் அந்த வேலை எவ்வளவு கனமானது என்று பாருங்கள். அடைப்புக்குறிக்குள் பதினைந்தில் ஒன்றாக வந்ததும் இதுவும் உங்கள் கணக்கில் தலா 1.

எண்ணிக்கை பெரிதாக இருந்தாலும் அது எந்தத் திசையில் போன தாக்கம் என்று கேட்க வேண்டியிருக்கிறது. மைக்கேல் ஹாமர் 1990-இல் ஹார்வர்டு பிசினஸ் ரிவியூவில் எழுதிய கட்டுரை எங்கள் துறையில் மிக அதிகமாக எடுத்தாளப்பட்டவற்றுள் ஒன்று. பழைய வேலைமுறையை அப்படியே கணினிக்கு ஏற்றாதீர்கள், அதைத் துடைத்துவிட்டுப் புதிதாக எழுப்புங்கள் என்றார். ரீஎன்ஜினியரிங் அலை எழுந்தது. பல நிறுவனங்களில் அது ஆட்குறைப்புக்கு இன்னொரு பெயராகவே ஆகிவிட்டது. அதே அலையை முன்னெடுத்தவர்களில் ஒருவரான தாமஸ் டேவன்போர்ட் 1995-இல், இந்த மோகம் மனிதர்களை மறந்துவிட்டது என்று வெளிப்படையாக எழுதினார். அலையைக் கொண்டாடியவர்களும் கண்டித்தவர்களும் ஹாமரை எடுத்தாண்டார்கள். இரண்டு தரப்பும் சேர்ந்ததுதான் அந்தப் பெரிய எண். நான் ஹாமரை மதிப்பவன். செயல்முறை என்ற சொல்லை மேலாளர்களின் வாயில் கொண்டுவந்து வைத்தவர் அவர். ஆனால் அந்தச் சாதனையையும் அதன் விலையையும் அந்த எண்ணுக்குள் தேடினால் கிடைக்காது, வாக்கியங்களுக்குள்தான் கிடைக்கும்.

எடுத்தாளப்படாமலே பரவியவை இன்னும் எவ்வளவோ. செயல்முறை வரைபடங்களுக்கான பிபிஎம்என் குறியீட்டு முறையின் 2.0 பதிப்பை ஓஎம்ஜி என்ற தரநிர்ணய அமைப்பு 2011-இல் வெளியிட்டது. 2013-இல் அது ஐஎஸ்ஓ தரமும் ஆனது. உலகம் முழுக்க அலுவலகங்களில் வட்டமும் செவ்வகமும் சாய்சதுரமுமாக அதை வரைகிறார்கள். வரைகிறவர் யாரும் கீழே மேற்கோள் எழுதுவதில்லை. வேலை இப்போது எங்கே நிற்கிறது என்று காட்டும் டோக்கன் என்ற புள்ளி ஒன்று அந்த வரைபடத்தில் நகர்வதாகக் கற்பனை செய்து விளக்கும் வழக்கத்தின் வேர், கார்ல் ஆடம் பெட்ரியின் 1962-ஆம் ஆண்டு முனைவர் பட்ட ஆய்வேட்டைத் தொட்டு வளர்ந்த வலைகளில் இருக்கிறது. டோக்கன் என்று சொல்லும்போது அந்த ஆய்வேட்டை எடுத்தாள்பவர் யார்? ஒரு கருத்து எல்லாருடைய பேச்சிலும் கலந்துவிட்டால் அதற்கு மேற்கோள் நின்றுபோகும். மிகவும் வெற்றி பெற்ற வேலை எண்ணிக்கையில் மெலிந்து தெரிவது இதனால்தான்.

தரவைத் தொகுத்துக் கொடுப்பவர்களையும் மறந்துவிடாதீர்கள். பிசினஸ் பிராசஸ் இன்டெலிஜென்ஸ் போட்டிக்காக 2012-இல் வெளியிடப்பட்ட பதிவில், நெதர்லாந்து நிதி நிறுவனம் ஒன்றின் 13,087 கடன் விண்ணப்பங்களின் தடம் இருக்கிறது. புதிய முறை கண்டுபிடித்தவர்கள் ஆண்டுக்கணக்காக அதன் மேல்தான் சோதித்துப் பார்க்கிறார்கள். ஒரு நிறுவனத்திடம் பேசி, அடையாளங்களை நீக்கி, எல்லாரும் பயன்படுத்தும்படி வெளியே கொண்டுவருவது எவ்வளவு பெரிய வேலை என்பது அதைச் செய்து பார்த்தவருக்குத்தான் தெரியும். பல கட்டுரைகளில் இப்படிப்பட்ட தரவுக்கு அடிக்குறிப்பில் ஓர் இணைப்பு மட்டும் இருக்கும். எண்ணும் எந்திரத்தின் கண்ணில் அது படாது. ப்ரோம் போன்ற திறமூல மென்பொருளுக்குள் ஒரு செருகுநிரலை எழுதி, அடுத்தடுத்த பதிப்புகளுக்கும் அது ஓடும்படி பராமரித்து வருபவர் கதையும் இதுவே. ஏழாவது வரியில் இருந்தவர் அப்படிப்பட்ட ஒருவர்.

சுயமேற்கோள் பற்றியும் கேட்பீர்கள். அதைக் கழித்துவிட்டு எண்ணச் சொல்லும் விதிகளை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் துறையில் ஒரு கருவியைப் பத்தாண்டு வளர்ப்பவர் ஒவ்வொரு கட்டுரையிலும் முந்தையதைச் சொல்லித்தான் ஆக வேண்டும், சொல்லாவிட்டால்தான் தப்பு. கழிக்காதீர்கள், பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். தன் குழுவுக்கு வெளியே யாருமே தொடாத வேலை என்றால் அந்தப் பிரிப்பிலேயே பளிச்சென்று தெரிந்துவிடும்.

‘ஐம்பது அறுபது கோப்புகள், இரண்டே நாள். ஒவ்வொருவர் கட்டுரையையும் திறந்து வாக்கியம் வாக்கியமாகப் படிக்க எங்களால் முடியுமா?’ இது நியாயமான கேள்வி. நானும் அந்தக் கோப்புக் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்தவன்தான். அதனால் முடிகிற வேலையைத்தான் கேட்கிறேன். முதல் சுற்றில் வடிகட்டிய எட்டுப் பேரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தன் வேலைகளில் முக்கியமான மூன்றை விண்ணப்பதாரர் தேர்ந்தெடுக்கட்டும். கட்டுரையாக இருக்கலாம், மென்பொருளாகவோ தரவாகவோ இருக்கலாம். ஒவ்வொன்றையும் எடுத்தாண்ட கட்டுரைகளிலிருந்து இருபதை நீங்கள் குலுக்கல் முறையில் எடுங்கள். இந்தத் தேர்வை விண்ணப்பதாரரிடம் விடக் கூடாது. விட்டால் பாராட்டுரைகள் மட்டுமே வந்து சேரும். மொத்தமே இருபதுக்குக் குறைவு என்றால் எல்லாவற்றையும் எடுங்கள். எடுத்தாண்ட வாக்கியத்தையும் முன்பின் இரண்டு வரிகளையும் மட்டும் படித்து, ஷெப்பர்டு போல ஓர் எழுத்துப் போடுங்கள்: பின்னணிக்குச் சொன்னது, பயன்படுத்தியது, மேலே கட்டியது, குறை காட்டியது, மறுத்தது. ஒரு வாக்கியத்துக்கு இரண்டு நிமிடம் என்றால் ஒருவருக்கு இரண்டு மணி நேரம், எட்டுப் பேருக்குப் பதினாறு. ஐந்து உறுப்பினர்கள் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு மூன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஒருவருடைய வாழ்க்கையின் அடுத்த இருபது ஆண்டுகளை முடிவு செய்வதற்கு இது அதிகமா?

மேற்கோளின் நோக்கத்தைப் பின்னணி, முறை, முடிவு என்று தானாகவே வகைப்படுத்திக் காட்டும் வசதி செமான்டிக் ஸ்காலரில் இருக்கிறது. முதல் பார்வைக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். குறி போடும் கை உங்களுடையதாக இருக்கட்டும்.

எண்களை எடுத்தெறியுங்கள் என்று நான் சொல்லவில்லை. எண் இல்லாத காலத்தில் யாருக்கு யார் வேண்டியவர் என்பதே தகுதியாக இருந்த கூட்டங்களையும் பார்த்தவன் நான். முகம் தெரியாத ஓர் இளைஞரை மேற்கோள் எண்ணிக்கை காப்பாற்றியதும் உண்டு. ஆய்விதழின் தாக்கக் காரணியை, அதாவது அதன் கட்டுரைகள் பெறும் சராசரி மேற்கோளை, வைத்துத் தனிக்கட்டுரையை எடைபோடாதீர்கள் என்று 2013-இல் ஆய்வு மதிப்பீடு பற்றிய சான் பிரான்சிஸ்கோ அறிவிப்பு சொன்னது. அளவீடு நிபுணர் மதிப்பீட்டுக்குத் துணையாக நிற்க வேண்டும், அதன் இடத்தைப் பிடிக்கக் கூடாது என்று 2015-இல் லைடன் அறிக்கை தன் பத்துக் கொள்கைகளில் முதலாவதாகச் சொன்னது. உங்களில் பலருடைய நிறுவனங்கள் இவற்றை ஏற்றுக்கொண்டு கையெழுத்தும் போட்டிருக்கலாம். கையெழுத்துப் போட்டது ஒரு துறை அலுவலகத்தில், எக்செல் தாள் தயாராவது வேறோர் அலுவலகத்தில். நடுவில் எந்த மேசையில் அந்தக் கொள்கை தேங்கி நிற்கிறது என்று தேடிப்பாருங்கள். எங்கள் துறைக்காரர் யாரையாவது கூப்பிட்டால் ஆசையாக வந்து தேடித் தருவார்.

என்னை மிகவும் கலங்கவைப்பது மாணவர்கள்தான். ஒரு யோசனையை முழுமையாக வளர்த்து ஒரே கட்டுரையாக எழுதலாமா, மூன்றாக நறுக்கி மூன்று மாநாடுகளுக்கு அனுப்பலாமா என்று என்னிடம் வந்து கேட்கிறார்கள். எனக்கு எது சரி என்று தெரியும். அவர்களுக்கு எது வேலை வாங்கித் தரும் என்பதும் தெரியும். இரண்டும் ஒரே பதிலாக இருக்க வேண்டும் என்று உங்களிடம் மன்றாடுகிறேன்.

அடுத்த சுற்று விண்ணப்பப் படிவம் அச்சுக்குப் போகும் முன் இரண்டு திருத்தம் செய்யுங்கள். ‘எச்-இன்டெக்ஸ்’ என்ற கட்டத்தை நீக்கிவிட்டு, ‘மூன்று வேலைகள், அவை போய்ச் சேர்ந்த இடங்கள்’ என்று அரைப் பக்கம் இடம் விடுங்கள். மேற்கோள் எண்ணிக்கையை விண்ணப்பதாரரிடம் கேட்காமல் உங்கள் அலுவலகமே ஒரே தளத்திலிருந்து எடுக்கட்டும். குறி போடுவதற்கான தாள் ஒன்றை, ஐந்து எழுத்துகளோடும் ஓர் எடுத்துக்காட்டோடும், நான் தயாரித்து வைத்திருக்கிறேன். அந்த எடுத்துக்காட்டு ஏழாவது வரிக்காரருடைய கட்டுரைதான். அவர் சம்மதத்தோடு, பெயரை நீக்கிவிட்டுச் சேர்த்திருக்கிறேன். இருபது வாக்கியங்களில் எத்தனைக்கு ‘பயன்படுத்தியது’ என்ற குறி விழுந்திருக்கிறது என்பதை அதில் நீங்களே எண்ணிப் பார்க்கலாம். கேட்கும் குழு எதுவானாலும் அனுப்பிவைக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் மேசையில் இருந்தும் அன்று பேசாமல் விட்ட ஒரு செயல்முறை ஆய்வாளன்